பொருளியலாளர் சங்கமும் பொதுமக்கள் வழக்கும்



கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் சவளக்கடை வரும். அங்கிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் வயல்கள். மாரி காலத்தில் வெள்ளம் தாம்போதியின்மேல் ஏறிப் பாய்வதும், வெள்ளம் வற்றியபின் வட்டைகளில் பயிர் தலைநிமிர்வதும் எங்களுக்குப் பழகிய காட்சிகள். ஆனால் 2021 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பெரும்போகத்தில், பழகாத காட்சி ஒன்றையும் நாங்கள் கண்டோம். வெட்டுவதற்கு இன்னும் நாளிருக்கப் பயிர் வெளிறி மஞ்சள் படர்ந்து நின்றது. வாய்க்காலில் நீர் இருந்தது, வானமும் பொய்க்கவில்லை. இல்லாமற் போனது பசளை ஒன்றே.

அறுவடை முடிந்தபின் என் மாணவன் ஒருவனின் தந்தை பாடசாலைக்கு வந்தார். குத்தகைக்கு வயல் செய்பவர். “சேர், வெட்டுக் கூலிக்கும் காணாமப் போய்த்து. இப்படி வருமெண்டு படிச்ச ஆக்கள் ஒருத்தரும் முன்னுக்கே சொல்லல்லையா?” என்று கேட்டார். அவருக்கு நான் உடனே விடை கூறவில்லை. ஏனெனில், சொல்லியிருந்தார்கள். ஐயத்துக்கிடமின்றி, பயிர்வாரியாகக் கணக்கிட்டு, விதைப்புக்கு மாதக்கணக்கில் முன்னரே சொல்லியிருந்தார்கள். சொன்னது ஒரு கட்சியன்று, ஒரு தொழிற்சங்கமுமன்று. இலங்கை விவசாயப் பொருளியல் சங்கம் என்னும் அறிஞர் கழகம். அச்செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் நான் வாசித்துமிருந்தேன். வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

அவர் கேட்ட கேள்விதான் இன்றைய என் பேச்சுக்குக் காரணம். பொருளியல் கற்றோர் கூடி அமைக்கும் சங்கம் ஒன்று, நாட்டு மக்களின் பொது வழக்கிலே பேசலாமா? பேசினால் எவ்வளவு பேசலாம்? பேசியும் பயன் விளையவில்லையானால் குற்றம் யாருடையது? இவை இன்று புதிதாகத் தோன்றிய வினாக்கள் அல்ல. இவற்றுக்கு நூற்றிருபது, நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு.

1885 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சரட்டோகா நகரில், ரிச்சர்ட் எலி என்னும் இளம் பேராசிரியரின் முயற்சியால் அமெரிக்கப் பொருளியற் சங்கம் தோன்றியது. சந்தையைத் தன் போக்கில் விட்டுவிட்டால் யாவும் சரியாகும் என்ற பழங்கொள்கையை எலியும் அவர் நண்பரும் ஏற்கவில்லை. மனித முன்னேற்றத்துக்கு அரசின் உதவி இன்றியமையாதது என்ற கருத்தையே சங்கத்தின் கொள்கைப் பிரகடனத்தில் அவர்கள் பொறித்தனர். விளைவு என்ன? மாற்றுக் கருத்துடைய பொருளியலாளர் பலர் வெளியே நின்றனர். சில ஆண்டுகளுக்குள் அப்பிரகடனம் கைவிடப்பட்டது. நடைமுறைப் பொருளாதாரப் பிரச்சினைகளில் சங்கம் எப்பக்கமும் சாராது, தன் உறுப்பினரை எந்த முடிவுக்கும் கட்டுப்படுத்தாது என்ற விதி நிலைபெற்றது. பின்னாளில் எழுந்த அறிஞர் கழகங்கள் பலவற்றுக்கு இவ்விதி முன்மாதிரியாயிற்று.

ஐந்தாண்டுகளின் பின்னர், 1890 நவம்பரில், இலண்டனில் இன்னொரு கூட்டம் நடைபெற்றது. பேராசிரியர் அல்பிரட் மார்ஷல் முதலியோர் முன்னின்று பிரித்தானியப் பொருளியற் சங்கத்தை நிறுவினர். 1902 இல் அரச பட்டயம் பெற்று வேத்தியற் பொருளியற் கழகம் ஆனது இச்சங்கமே. முதல் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவர் கோஷன் என்பார். அவர் அக்காலத்து நிதியமைச்சர். அக்கூட்டத்தில் நாடகாசிரியர் பெர்னாட் ஷா எழுந்து, கோஷன் பெருமகனார்மீது தமக்கு மதிப்புண்டெனினும், எந்த அரசியற் கட்சியோடும் அடையாளங் காணப்படாத ஒருவரே இத்தகைய சங்கத்தின் தலைமைக்கு ஏற்றவர் என்னும் கருத்துப்படப் பேசினார். ஷாவின் ஆட்சேபம் அன்று வெல்லவில்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினா இன்றளவும் ஓயவில்லை. நிதியமைச்சரே தலைவராயிருக்கும் சங்கம் நிதியமைச்சரின் கணக்கைச் சோதிக்குமா?

சங்கம் பேசாதிருக்க வேண்டும் என்ற விதி, பொருளியலாளர் வாய்மூடியிருக்க வேண்டும் என்ற விதியன்று. 1903 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் இறக்குமதித் தீர்வை பற்றிய பெருவழக்கு எழுந்தபோது, மார்ஷல் உள்ளிட்ட 14 பொருளியலாளர் தத்தம் பெயரிலே ‘த ரைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினர். 1930 இல் ஐக்கிய அமெரிக்காவில் தீர்வைகளை உயர்த்தும் மசோதா ஒன்று வந்தபோது, 1,028 பொருளியலாளர் அதனை எதிர்த்து விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். சனாதிபதி ஹூவர் அவ்விண்ணப்பத்தைப் புறக்கணித்து அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே மசோதாவுக்கு ஒப்புதல் அளித்தார். ஏனைய நாடுகளும் பதிலுக்குத் தீர்வைகளை உயர்த்த, ஏற்கனவே சுருங்கத் தொடங்கியிருந்த உலக வணிகம் மேலும் சுருங்கியது.

எனினும் ஒப்பங்களின் எண்ணிக்கை உண்மைக்குச் சான்றாகாது என்பதையும் நாம் மறத்தலாகாது. 1981 மார்ச் மாதத்தில் பிரித்தானிய அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தைக் கண்டித்து 364 பொருளியலாளர் கடிதம் எழுதினர். அவ்வாண்டிலேயே உற்பத்தி மெல்ல மீளத் தொடங்கிற்று. வேலையில்லாதோர் தொகையோ மேலும் சில ஆண்டுகள் ஏறிக்கொண்டே சென்றது. கடிதம் எழுதியவர் பிழைத்தனரா, அரசாங்கம் பிழைத்ததா என்ற வாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

இனி, கடல் கடந்து நம் அயலுக்கு வருவோம். 1915 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் கில்பேட் ஸ்லேற்றர் என்னும் ஆங்கிலேயர். நூலில் உள்ள இங்கிலாந்தை மாணவர்க்கு ஓதுவதோடு அவர் நின்றாரல்லர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவரிடம் வினாக்கொத்தைக் கொடுத்து, அவரவர் கிராமத்தின் நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றை எழுதிவரச் செய்தார். தூசி, இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலிய தமிழ்க் கிராமங்களின் நிலை 1918 இல் நூலாக வெளிவந்தது. ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின் பேராசிரியர் பி. ஜே. தோமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மீண்டும் ஆராய்ந்து 1940 இல் மற்றொரு நூல் வெளியிட்டனர். ‘முன்பைவிட நாடு செழித்தது’ என்போர்க்கும் ‘முன்பைவிட நலிந்தது’ என்போர்க்கும் இடையே நிகழும் வழக்கில், இத்தகைய ஏடுகளே நடுநிலைச் சாட்சிகள். சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் பொது வழக்குக்குச் செய்யக்கூடிய முதற் பணி இதுவே: வாதிடுமுன் அளந்து வைத்தல்.

1917 ஆம் ஆண்டில் இந்தியப் பொருளியற் சங்கம் தோன்றியது. ஆண்டுதோறும் மாநாடு கூட்டி, நாணயம், நிலவரி, தொழில் வளர்ச்சி முதலிய பொருள்களைச் சங்கத்தார் விவாதித்து வந்தனர். சுதந்திரத்தின் பின்னர் அரசாங்கமே பொருளியலாளரைத் தேடி அழைத்தது. 1955 இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராயப் பொருளியலாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நாட்டின் தலைசிறந்த பொருளியலாளர் பலர் அதில் இடம்பெற்றனர். திட்டத்தின் அளவையும், அதற்கெனப் புதுப் பணம் படைத்துச் செலவிடும் முறையையும் பெரும்பான்மையோர் ஏற்றனர். ஒருவர் மட்டும் ஏற்க மறுத்துத் தனிக் குறிப்பு எழுதினார். அவர் பி. ஆர். ஷெனாய். மக்களின் சேமிப்புக்கு மிஞ்சிய திட்டம் விலைவாசியை உயர்த்தும், அந்நியச் செலாவணியைக் கரைக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டாண்டுகளுக்குள் இந்தியா கடுமையான அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியது. அவர் கூறிய யாவும் சரியென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒருவரின் குறிப்பு அச்சேறியிராவிட்டால், அப்படியும் ஒரு கருத்து இருந்தது என்பதே பின்வந்தோர்க்குத் தெரிந்திராது. இந்த ஷெனாய் நமக்கு அந்நியரல்லர். கொழும்பில் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். இலங்கையின் நாணயமும் வங்கிமுறையும் பற்றி 1941 இல் நூல் எழுதியவர்.

நமது நாட்டிலே பொருளியல், வழக்காக அன்றி அறிவுரையாகவே பெரும்பாலும் வந்தது. 1950 இல் மத்திய வங்கி தொடங்கியபோது அதன் முதல் ஆளுநர் அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டர். 1950களின் பிற்பகுதியில் தேசியத் திட்டமிடற் சபையின் அழைப்பில் ஹிக்ஸ், கால்டோர், மிர்டால், ஜோன் றொபின்சன் அம்மையார் முதலிய உலகப் புகழ்பெற்ற பொருளியலாளர் இங்கு வந்து ஆலோசனை கூறினர். அவர்தம் கட்டுரைகள் 1959 இல் தொகுப்பாக வெளியிடப்பட்டன. நுகர்வு முந்திக்கொள்ள உற்பத்தி பின்தங்கிய நாடு இலங்கை என்று றொபின்சன் அம்மையார் சுட்டியது இன்றும் பேசப்படுகிறது. ஆயின் அவ்வாலோசனைகளெல்லாம் அமைச்சின் மேசைக்கு வந்தன. சந்தைக்கும் வயலுக்கும் வரவில்லை.

அறிவுரை மேசையோடு நின்றால் விளைவது யாது என்பதற்கு 1953 ஆம் ஆண்டே சான்று. கொரிய யுத்தகாலச் செழிப்பு ஓய்ந்து, இறப்பர் விலை சரிந்து, அரசாங்கத்தின் கையிருப்பு கரைந்தது. உணவு மானியத்தின் சுமையைக் குறைக்கப் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. ஒகஸ்ட் 12 ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது, உயிர்கள் பலியாயின, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். பொக்கிஷத்தின் கணக்குப் பொய்யன்று. கொத்தரிசி வாங்கிய கூலியாளின் கணக்கும் பொய்யன்று. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதி, படிப்படியாக உயர்த்தினால் என்ன, ஏழைக்கு மட்டும் மானியம் நிறுத்தி வைத்தால் என்ன என்று மக்கள் மொழியிலே விளக்கிச் சொல்ல நடுவில் நின்றவர்களின் குரல் ஓங்கவில்லை. அதன்பின் வந்த அரசாங்கங்கள் பல, அரிசி விலையைத் தொடவே அஞ்சின.

எங்கள் பகுதியின் வரலாற்றிலும் ஒரு பாடமுண்டு. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. எங்கள் வட்டைகளுக்கு நீர் தந்து வாழ்வளித்தது அத்திட்டமே. 1966 இல் அத்திட்டத்தின் வரவு செலவை மதிப்பிட ஒரு குழு அமைக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புவியியலறிஞர் பி. எச். பாமர் அதன் தலைவர். 1970 இல் வெளியான அறிக்கை, திட்டத்துக்கு இட்ட செலவைவிட அதனால் விளைந்த நன்மை குறைவே என்று கண்டது. இதைக் கேட்டால் எங்கள் ஊர்ப் போடிமார் நகைப்பர். நீர் பாயும் வயலை வைத்துக்கொண்டு நட்டக்கணக்குப் பேசுவதா என்பர். ஆனால் அதே பணத்தை வேறு வழியிற் செலவிட்டிருந்தால் இன்னும் எத்தனை வயலுக்கு நீர் பாய்ந்திருக்கும் என்பதே பொருளியலின் வினா. அவ்வினா கேட்கப்பட வேண்டியது அணைக்குக் கல் நடுமுன். கேட்கப்பட்டதோ ஏறத்தாழ இருபதாண்டு கழித்து.

இந்தப் பின்னணியிலேதான் 2021 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை நான் நோக்குகிறேன். அவ்வாண்டு மே மாதம் 6 ஆம் திகதிய வர்த்தமானியின் வாயிலாக இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மண்ணின் நலமும் மக்கள் உடல்நலமும் காரணமாகக் கூறப்பட்டன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அக்காலத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் இலங்கை விவசாயப் பொருளியல் சங்கம் சனாதிபதிக்குத் தன் மதிப்பீட்டை எழுத்தில் அனுப்பியது. இரசாயனப் பசளையை உடனடியாக நிறுத்தி முற்றாக இயற்கைப் பசளைக்கு மாறினால் நெல் விளைச்சல் 25 வீதமும், தேயிலை 35 வீதமும், தென்னை 30 வீதமும் குறையக்கூடும் என்பது அச்சங்கத்தின் கணிப்பு. உணவுப் பாதுகாப்பும் ஏற்றுமதி வருவாயும் கிராமத்தவர் வருமானமும் தாக்கப்படும் என்றும் அது எச்சரித்தது.

இச்செயலின் சிறப்பைச் சற்று ஆராய்வோம். சங்கம் தனக்குரிய துறையிலே பேசியது. யார் ஆளவேண்டும் என்று பேசவில்லை, ஆணை ஒன்றால் எவ்வளவு குறையும் என்று பேசியது. வெறும் கண்டனமாகப் பேசவில்லை. பின்னர் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய எண்களாகப் பேசியது. அனைத்தினும் மேலாக, காலத்திலே பேசியது. ஜூன் மாதத்துக்கும் பெரும்போக விதைப்புக்கும் இடையே நான்கு மாதங்கள் இருந்தன. அமெரிக்கச் சங்கம் வகுத்த நடுநிலை விதி இங்கு மீறப்படவில்லை. பக்கஞ்சாராமை வேறு, பார்த்திருந்தும் பேசாமை வேறு. இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் காட்டிய நெறியை அன்று அச்சங்கம் நிறைவேற்றியது.

பின்னர் நடந்ததை நேயர்கள் அறிவீர்கள். நவம்பர் மாதத்தில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டது. உலகச் சந்தையில் யூரியாவின் விலை மிக உயர்ந்திருந்தது. நாட்டில் வாங்கப் பணமும் இல்லை. 2020/21 பெரும்போகத்தில் நாடெங்கும் 30 இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்த நெல் விளைச்சல், 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கியது. அதாவது, சங்கம் அஞ்சியதிலும் மிகுதியாகக் குறைந்தது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அதற்குப் பசளைத் தடை ஒன்றே காரணமென்றால் அது நேர்மையாகாது. வரிக்குறைப்பும் கடனும் கொள்ளைநோயும் கூடி விளைத்த கேடு அது. ஆனால் அரிசியைத் தானே விளைவிக்கும் நாடு, கையில் டொலர் இல்லாத வேளையில் அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது அத்தடையாலேயே.

அப்படியாயின் சங்கம் பேசியதால் விளைந்த பயன் என்ன? அரசாங்கம் கேட்கவில்லையே என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. கணக்கு ஏட்டில் இருக்கிறது. ‘யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது’ என்று இனி எவரும் சொல்ல இயலாது. இது சிறு பயனன்று. ஆயினும் இரண்டு குறைகள் எஞ்சி நிற்கின்றன. அறிஞர் சங்கம் ஒன்று எழுத்தில் கொடுத்த எச்சரிக்கைக்கு, எழுத்தில் விடை தரும் கடமை நம் நாட்டில் எவருக்கும் விதிக்கப்படவில்லை. இது முதற் குறை. சட்டமொன்று வருமுன் அதன் செலவையும் பயனையும் வெளியிட வேண்டும் என்னும் வழக்கம் இருந்திருந்தால், இரண்டு கணக்கையும் அருகருகே வைத்து நாடு தீர்மானித்திருக்கும்.

இரண்டாவது குறை எங்களுடையது. அந்தச் சங்கத்தின் எண்கள் நான் அறிந்த உழவர் எவரையும் தமிழில் வந்தடையவில்லை. அவர்க்கு அதை விளக்குவதற்குப் பேரறிஞர் தேவையில்லை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவைக் கொண்டு அதே 23 கிலோவை நிரப்ப வேண்டுமானால் ஏறத்தாழ 1,500 கிலோ எரு வேண்டும். ஒரு மூட்டைக்கு ஈடாக ஒன்றரைத் தொன். அவ்வளவு எருவை வட்டைக்கு ஏற்றிச் செல்ல வண்டி எங்கே, மாடு எங்கே என்று உழவரே அடுத்த வினாவைக் கேட்டிருப்பார். ஏழாம் வகுப்பு மாணவன் செய்யும் கணக்கு இது. அரைவாசி வயலை மட்டும் விதைப்பதா, குத்தகையைக் குறைத்துப் பேசுவதா, கடன் வாங்காது விடுவதா என்று அந்த நான்கு மாதங்களில் அவர் தமக்கென ஒரு முடிவு செய்திருக்கக்கூடும். அந்த வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஆகவே சங்கங்களிடம் நாம் வேண்டுவன சில. அளந்து வைக்கட்டும், காலத்தே பேசட்டும், தமக்குள் மாறுபடுவோர் கருத்தையும் உடன் அச்சிடட்டும், மும்மொழியிலும் சொல்லட்டும். எஞ்சியது எம்போன்றோர் கடன். பட்டப்படிப்பிலே பொருளியலையும் ஒரு பாடமாகப் பயின்றவன் நான். சவளக்கடைக்கும் தலைநகருக்கும் இடையே நிற்கும் ஆசிரியனும் பத்திரிகையாளனும் வானொலியும் அச்சொல்லைச் சுமந்து செல்லாவிட்டால், சங்கத்தின் கடிதம் அதை எழுதியவர்க்கும் பெற்றவர்க்கும் இடையிலான கடிதமாகவே முடிந்துவிடும்.

அன்று என்னைக் கேட்ட அந்தத் தந்தைக்கு, சில நாள் கழித்து, அவர் வயல் வரம்பிலே நின்று விடை கூறினேன். “சொன்னார்கள்; நான்தான் உங்களுக்குச் சொல்லவில்லை” என்றேன். அவர் சற்று நேரம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “அடுத்த முறை சொல்லுங்க சேர்” என்றார்.